தண்ணீர் ஓடாத மோட்டார்ஹோமுக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்குக் குடும்பமாகப் போய்வர என்று குசினி, குளியலறை, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய மோட்டார்ஹோம் வாங்கும் எங்கள் ஆட்கள் ஒன்ராறியோவில் கூடிக்கொண்டே வருகிறார்கள், உங்கள் விளம்பரப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். நல்ல விஷயம். ஆனால் அந்த விளம்பரங்களில் என்ன இருக்கிறது? எந்த வருட வண்டி, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, சேஃப்ரி உண்டு, உள்ளே நல்ல சுத்தம். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வாங்கப் போகிறவர்களும் கேட்பதில்லை. நான் வீடுகளுக்குக் குழாய் வேலை செய்கிறவன், தெரிந்தவர்களுக்கு அவர்களுடைய மோட்டார்ஹோமின் தண்ணீர்ப் பிரச்சினைகளையும் பார்த்துக் கொடுக்கிறேன். எஞ்சின் கெட்டு நிற்கிற வண்டியைவிடத் தண்ணீரால் கெட்டு நிற்கிற வண்டியைத்தான் நான் அதிகம் காண்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் ஒருவரிடமிருந்து நேரடியாகப் பழைய வண்டி வாங்கும்போது, அந்த வண்டியின் பதிவு விபரங்களும் அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் அடங்கிய அரசாங்கப் பொதியை விற்கிறவர் தரவேண்டும். சேஃப்ரி சான்றிதழ் என்பது பிரேக், ரயர், ஸ்ரியரிங், விளக்கு என்று றோட்டில் ஓடுவதற்கான விஷயங்களைப் பார்ப்பது. இரண்டும் தேவைதான். ஆனால் உள்ளே இருக்கிற குசினி, குளியலறை, தண்ணீர்த் தாங்கி, பம்ப், சுடுதண்ணீர் ஹீற்றர் இவை எதையும் அந்தக் காகிதங்கள் பார்ப்பதில்லை. வண்டியின் விலையில் பெரும்பங்கு எதற்குக் கொடுக்கிறோமோ அதை ஒருவரும் பரிசோதிக்காமலேயே வாங்கிவிடுகிறோம்.

எனக்கு உறவான ஒரு குடும்பம் பெப்ரவரி மாதத்தில், நகருக்கு வெளியே ஒரு விற்பனையாளரிடம் இப்படி ஒரு வண்டி எடுத்தது. குளிருக்காகத் தண்ணீரை இறக்கி வைத்திருக்கிறோம், இப்போது திறக்க முடியாது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மே மாதம் தண்ணீரை விட்டபோது ஷவர் சுவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் எல்போ, அதாவது குழாயின் வளைவு மூட்டு, வெடித்துக் கிடந்தது, ஹீற்றருக்குப் பின்னால் இன்னொரு வெடிப்பு, இதெல்லாம் தெரியவருவதற்குள் தரைப்பலகை ஊறிவிட்டது. குழாய்க்கு ஆன செலவு பெரிதில்லை, பலகையைப் பெயர்த்து மாற்றத்தான் பெருந்தொகை போனது. விற்றவரிடம் கேட்டால், உள்ளது உள்ளபடி வாங்கியதாகக் கையெழுத்து வைத்திருக்கிறீர்களே என்கிறார்.

விற்றவர் அதைத் தெரிந்து மறைத்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு வழி இருந்தது. குளிர்காலத்தில் வாங்கும் வண்டி என்றால் சிங்க்குக்குக் கீழே இருக்கிற வளைந்த குழாயைப் பாருங்கள், வடிகால் ஓட்டைக்குள் ரோர்ச் அடித்தும் பாருங்கள், அங்கே ரோஸ் நிறத் திரவம் நிற்கவேண்டும். அதுதான் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் காக்க ஆர்விக்கென்று, அதாவது மோட்டார்ஹோம் மாதிரி வண்டிகளுக்கென்று, விற்கிற அன்ரிஃபிறீஸ், புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்தது, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கலாம். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுகிற எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, அதை ஒருபோதும் இந்தக் குழாய்க்குள் விடக்கூடாது. சிலர் கொம்பிறெசரால் காற்று ஊதிக் குழாய்களை வெறுமையாக்குவார்கள், அப்படிச் செய்தால் பைப்பைத் திறந்தால் ஒன்றும் வராது, சரி, ஆனால் அப்போதும் அந்த வளைவுகளுக்குள் ரோஸ் நிறம் இருந்தே ஆகவேண்டும். வெளிப்புற ஷவர் இருந்தால் அதையும் கேளுங்கள், எல்லோரும் மறந்துபோகிற இடம் அது. இதற்கெல்லாம் விற்கிறவர் தடுமாறினால் காசில் ஒரு பகுதியை வசந்தத்தில் தண்ணீர் ஓட்டிப் பார்த்த பிறகு தருவதாக எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள், ஏப்ரல், மே வரும்போது எத்தனையோ வண்டி வரும்.

தண்ணீர் விடக்கூடிய காலத்தில் வாங்குவதென்றால் இன்னும் சுலபம். போகும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், நான் வரும்போது தாங்கியில் தண்ணீர் இருக்கவேண்டும், பற்றரி சார்ஜில் இருக்கவேண்டும், அடுப்புக்கும் ஹீற்றருக்குமான புரொப்பேன் காஸ் இருக்கவேண்டும் என்று. பிறகு அவசரப்படாமல் ஒரு மணித்தியாலமாவது வண்டிக்குள் இருங்கள்.

முதலில் பம்ப். மோட்டார்ஹோமில் தண்ணீர் இரண்டு வழியாக வரும். வெளியே நிரப்புகிற ஒரு வாய் தாங்கிக்குப் போகிறது, அங்கிருந்து 12 வோல்ற் பம்ப் இழுத்துத் தருகிறது. ஹோஸ் பூட்டுகிற மற்ற வாய் பம்ப்பைத் தொடாமல் நேராகக் குழாய்களுக்குப் போகிறது. ஹோஸைப் பூட்டாமல், தாங்கித் தண்ணீரில் பம்ப்பைப் போடுங்கள். ஒவ்வொரு பைப்பையும், குளிர், சூடு இரண்டு பக்கமும், காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை திறந்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டுங்கள். பம்ப் சில விநாடியில் நிற்கவேண்டும். நின்ற பிறகு பேசாமல் அரைமணித்தியாலம் கேட்டுக்கொண்டிருங்கள். ஒருவரும் பைப்பைத் தொடாமலே பம்ப் இடைக்கிடை ஒரு கணம் உறுமி நின்றால் எங்கேயோ அழுத்தம் இறங்குகிறது. ஒன்றில் எங்காவது ஒழுகுகிறது, அல்லது பம்ப்புக்குள் இருக்கிற, தண்ணீரைத் திரும்பிப்போக விடாத வால்வு பழுது. எதுவென்று பிரித்துப் பார்க்க உலர்ந்த ரிஷூ ஒன்றை எடுத்து எட்டக்கூடிய ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூட ரிஷூவில் தெரியும். அந்த வால்வு பழுதென்றால் இன்னொரு அறிகுறியும் இருக்கிறது: ஹோஸைப் பூட்டி வைத்திருக்கும்போது தாங்கி தானாக நிரம்பி வண்டிக்கு அடியில் வழியத் தொடங்கும்.

பம்ப்புக்கு முன்னால் கண்ணாடிபோலத் தெரிகிற ஒரு சின்ன வடிக்கிண்ணம் இருக்கும், கையால் திருகிக் கழற்றலாம். பல வண்டிகளில் அதை ஒருவரும் திறந்ததே இல்லை. தாங்கி செய்தபோது துளைபோட்ட பிளாஸ்டிக் சுருள்கள்கூட இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதற்குள் சிக்கி நிற்கும். பம்ப் பலமில்லாமல் இழுக்கிறது என்று புதுப் பம்ப் வாங்க ஓடுவதற்கு முன் அதைக் கழுவிப் பாருங்கள்.

ஹோஸ் பூட்டும்போது இடையில் அழுத்தம் குறைக்கிற ரெகுலேற்றர் ஒன்று கட்டாயம் வேண்டும். இந்த வண்டிகளின் குழாய்கள் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரையான அழுத்தத்துக்குத்தான் சௌகரியமானவை, சில இடங்களில் தெருக்குழாய் அதற்கு மேலே வரும். 1995க்கு முந்திய வண்டியென்றால் உள்ளே சாம்பல் நிற பொலிபியூற்றிலீன் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் குழாய் வீடுகளிலேயே வெடித்து வெடித்துப் பெயர் கெட்டது. இருந்தால் முழுவதும் மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஹீற்றரில் மிகவும் கவனம். பல வண்டிகளில் அது 6 கலன், கிட்டத்தட்ட 23 லீற்றர் தாங்கி, காஸிலும் மின்சாரத்திலும் வேலை செய்யும். தாங்கிக்குள் தண்ணீர் இல்லாமல் மின்சார சுவிட்சைப் போட்டால் உள்ளேயிருக்கிற எலிமென்ற் சில விநாடிகளில் எரிந்துபோகும். சூட்டுப் பைப்பைத் திறந்து தண்ணீர் காற்றில்லாமல் வருகிறதா என்று பார்க்காமல் அந்தச் சுவிட்சைத் தொடவே வேண்டாம். அது மட்டும் போதாது. குளிருக்கு ஆயத்தப்படுத்தும்போது ஹீற்றரைச் சுற்றித் தண்ணீர் போகிற மாதிரிப் பின்னாலுள்ள வால்வுகளைத் திருப்பி வைப்பார்கள், அப்படியே விட்டிருந்தால் ஹீற்றர் வெறுமையாக இருக்கும்போதே சூட்டுப் பைப்பில் தண்ணீர் வரும், ஆனால் சூடேறாது. மூன்று வால்வு இருக்கிற வண்டியில் உள்ளே போவதும் வெளியே வருவதும் திறந்து, நடுவிலிருப்பது பூட்டியிருக்கவேண்டும். உட்பக்கம் கண்ணாடிப்பூச்சுள்ள இரும்புத் தாங்கியென்றால் உள்ளே அனோட் கம்பி ஒன்று இருக்கும், தாங்கி துருப்பிடிப்பதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. ஹீற்றரை நிறுத்தி, ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கிய பிறகு கழற்றிப் பாருங்கள், விரல் தடிப்பில் இருந்த கம்பி வெறும் வயராகத் தேய்ந்து வந்தால் முந்திய சொந்தக்காரர் பல வருடம் அதைப் பார்க்கவில்லை என்று விளங்கும். அலுமினியத் தாங்கிக்கு இந்தக் கம்பி கிடையாது, வேண்டாததைப் பூட்டவும் வேண்டாம்.

குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருமே வீட்டில் கவனமாக இருக்கிறவர்கள், பழைய வண்டியில் மட்டும் அப்படியே நிரப்பித் தேநீர் போடுகிறார்கள். தாங்கி எத்தனை மாதம் ஈரமாகக் கிடந்ததோ தெரியாது. வாசனை சேர்க்காத சாதாரண வீட்டுப் பிளீச்சை ஒவ்வொரு 15 கலனுக்கும், அதாவது சுமார் 57 லீற்றருக்கும், கால் கப் வீதம் தண்ணீரில் கரைத்துத் தாங்கியில் விட்டு, பில்ற்றர் இருந்தால் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பைப்பிலும் பிளீச் மணம் வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுவதும் வைத்திருந்து, அடுத்த நாள் மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சூட்டுப் பைப்பில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹீற்றர் தாங்கிக்குள் வளர்கிற கிருமியின் வேலை, அந்தத் தாங்கியின் தண்ணீரை இறக்கிக் கழுவி இதே பிளீச் வைத்தியம் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

கழிவுத் தாங்கி இரண்டு. சிங்க், ஷவர் தண்ணீர் ஒன்றில், ரொயிலற் மற்றதில். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் கரன்ற் உள்ள இடம் கிடைத்தாலும் கழிவுக் குழாய் உங்கள் இடத்துக்கு வராது, வெளியே போகும்போது கழிவு கொட்டுகிற நிலையத்தில் இறக்கவேண்டும். அதனால் தாங்கியை நம்பித்தான் வாழவேண்டும். கழிவு இணைப்பு இருக்கிற தனியார் முகாமுக்குப் போனாலும் ரொயிலற் தாங்கியின் வால்வைத் திறந்தே விடாதீர்கள், தண்ணீர் எல்லாம் ஓடிவிடக் கட்டி மட்டும் அடியில் இறுகி நிற்கும், அதைக் கரைக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. பூட்டி வைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ரொயிலற் தாங்கியை முதலில் திறந்து, பிறகு சிங்க் தண்ணீரை விட்டால் ஹோஸும் அலசப்படும். சுவரிலுள்ள விளக்குகள் ரொயிலற் தாங்கி எப்போதும் பாதிக்கு மேல் என்று காட்டினால் பயப்படாதீர்கள், உணரியில் காகிதம் ஒட்டியிருக்கும். குடிதண்ணீர் ஹோஸையும் கழிவு ஹோஸையும் ஒரே பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிற வண்டியைக் கண்டால் இரண்டையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள், இதில் காசு பார்க்காதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு விஷயமாவது சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் வண்டியே போகும். 30 அம்பியர் வண்டியின் மூன்று கால் பிளக்கைப் பார்த்தால் உடுப்பு உலர்த்துகிற மெஷினின் பிளக்போலவே இருக்கும். அது 120 வோல்ற், உலர்த்தி 240 வோல்ற். வீட்டு வாசலில் வண்டிக்கென்று பிளக் போடச் சொன்னால், தெரியாத ஒருவர் 240 கொடுத்துவிடுவார், பூட்டிய கணத்தில் மைக்ரோவேவ், பற்றரி சார்ஜ் பண்ணுகிற கொன்வேற்றர், ஏசி எல்லாம் போய்விடும். லைசென்ஸ் உள்ள எலக்ரிசியனிடம் 120 என்று சொல்லிச் செய்வியுங்கள், வண்டியைப் பூட்டுமுன் மீற்றர் வைத்துப் பாருங்கள். 30 அம்பியர் என்றால் மொத்தம் 3600 வாற், அவ்வளவுதான். ஏசி ஓட, ஹீற்றர் மின்சாரத்தில் இருக்க, கேத்திலையும் போட்டால் பிறேக்கர் விழும். அது பழுதில்லை, காலையில் தேநீர் போடும் நேரம் ஹீற்றரைக் காஸுக்கு மாற்றினால் சரி.

காஸ் மணம் வந்தாலும் வராவிட்டாலும் மூட்டுகளுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். காஸ் அலாரத்தின் பின்னால் திகதி இருக்கும், 5 முதல் 7 வருடத்தில் அதன் ஆயுள் முடியும், பழைய வண்டிகளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே செத்துப்போன அலாரங்கள் நிறைய. கார்பன் மொனொக்சைட் அலாரமும் அப்படியே. பிள்ளைகள் உள்ளே படுக்கப்போகிறார்கள், இதைப் பின்போடாதீர்கள்.

வாங்கியவர்கள் பூங்காவுக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலில் ஒரு இரவு அதிலேயே சமைத்து, குளித்து, படுத்து எழும்புங்கள். வால்வுகள் எங்கே, பியூஸ் எங்கே என்பதை மனைவி, பெரிய பிள்ளைகள் எல்லோருமே தொட்டுப் பார்க்கட்டும். அல்கொன்குவின் பூங்காவில் இரவு பதினொரு மணிக்கு ரோர்ச்சுடன் தேடுகிற வேலை அது இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி விளம்பரப் படிவத்தில் மோட்டார்ஹோமுக்கு மட்டும் இரண்டு கேள்வி சேருங்கள்: கடைசியாகத் தண்ணீர் ஓட்டிப் பார்த்தது எந்த மாதம், குளிருக்கு எப்படி ஆயத்தப்படுத்தியிருக்கிறது. விற்கிறவர் பதில் எழுதாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே அச்சாகட்டும், வாங்குகிறவர் அதைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
குழாய் வேலை செய்யும் வாசகர் ஒருவர்
ஸ்காபரோ