மிரட்டல் மின்னஞ்சல் வந்தால்: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது நினைவிருக்கும். சோதனையில் புரளி என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் பெற்றோர் பதறிப்போய்ப் பள்ளி வாசல்களில் திரண்டுவிட்டார்கள்.

நம் பள்ளிக்கும் அப்படி வந்தால், பள்ளியிலிருந்து தகவல் வரும்வரை பொறுங்கள். வாசலில் வண்டிகளை நிறுத்தினால் மோப்ப நாயோடு வரும் போலீஸ் வண்டிதான் சிக்கிக்கொள்ளும். பிள்ளையை அழைத்துப்போக வேறு யாராவது வருவதென்றால் வகுப்பாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். எங்கிருந்தோ வந்த குரல் பதிவுகளை இந்தப் பெற்றோர் குழுவில் போடாதீர்கள் (தாத்தா பாட்டி கேட்டால் வீடே கலங்கிவிடும்).

அப்புறம், எல்லாம் அடங்கிய பிறகும் பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளையை அதட்ட வேண்டாம், பேசவிடுங்கள். 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098.