பாயிண்ட் லெஃப்ளோரில் இருக்கும் மகனுக்கு

ஸ்கல்லிவில், சாக்டா நாடு
ஏப்ரல் 1847

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். எல்லோரும் சுகம். அக்காவின் மூத்தவனை ஃபோர்ட் காஃபி பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். பட்டாளம் விட்டுப்போன பழைய கோட்டையில்தான் பள்ளி நடக்கிறது. கணக்கில் உன்னை உரித்து வைத்திருக்கிறான். சோளம் விதைத்தாகிவிட்டது. சின்னவளுக்கு இருமல் இன்னும் விடவில்லை.

அங்கிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் உன்னைப் பார்த்தார்களாம். நம் பழைய தலைவர் லெஃப்ளோரின் பருத்திக் கிடங்கில் கணக்கு எழுதுகிறாயாம், நல்ல கோட்டு போட்டிருக்கிறாயாம். கேட்கும்போது மனசு நிறைந்துதான் போயிற்று. இன்னும் ஏதேதோ சொன்னார்கள், அதை விடு. நிலத்துக்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்த தாள் இருக்கிறதே, அதைப் பத்திரமாக வை. மாமா பேரில் வந்ததையும்தான். அந்தத் தாளுக்காகவே மிசிசிப்பி முழுக்க ஆள் அலைகிறானாம், கையில் ரொக்கத்தைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறானாம். கொடுத்துவிடாதே.

லெஃப்ளோரை நான் திட்டுவதாக நீ போன கடிதத்தில் குறைப்பட்டிருந்தாய். அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டவில்லை அப்பா. அவரைச் சின்ன வயதிலேயே பார்த்தவள் நான். பிரெஞ்சுக்கார வியாபாரி லூயி லெஃப்ளூரின் பிள்ளை, தாய்வழியில் நம் பெருந்தலைவர் புஷ்மதாஹாவுக்கு உறவு. 12 வயதில் நாஷ்வில்லுக்குப் படிக்கப் போய், அங்கேயே கல்யாணமும் முடித்து, துரை மாதிரி திரும்பி வந்தார். 26 வயதில் மேற்கு வட்டாரத்துக்குத் தலைவர். உயிருக்கு உயிர் என்று பழி தீர்க்கும் வழக்கத்தை நிறுத்தினார். சாராயம் விற்கக் கூடாது என்றார். பள்ளிக்கூடங்களை ஆதரித்தார், நீ எழுதப் படிக்கக் கற்றது அப்படி வந்த ஒரு பள்ளியில்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

நம் சாக்டா ஜனங்கள் மிசிசிப்பி நிலத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டு மேற்கே போகும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் நிலம் போயிருக்கும் என்று எழுதியிருந்தாய். பாதி உண்மைதான். 1830 ஜனவரியிலேயே மிசிசிப்பிக்காரர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். தலைவன் என்று எவனாவது அதிகாரம் செய்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. இனி இங்கே நாம் தனி நாடாக இருக்க முடியாது, நல்ல விலைக்குப் பேசி முடிப்போம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஒப்பந்தப் பேச்சு நடந்த டான்சிங் ராபிட் ஓடையில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ சின்னப் பையன். பாதிரிமார்களை வரக்கூடாது என்று விரட்டிவிட்டு, சாராயக்காரனையும் சூதாடியையும் உள்ளே விட்டார்கள். நம் ஆட்கள் முடியாது என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்று கூட்டம் கூட்டமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்புறம் மிச்சம் இருந்தவர்களை வைத்து செப்டம்பர் 27 அன்று முடித்துக்கொண்டார்கள். ஒரு கோடி ஏக்கருக்கு மேல், ஒரே நாளில். வட்டாரத் தலைவர்களான லெஃப்ளோர், முஷுலாடுபி, நிடகேச்சி மூவருக்கும் ஆளுக்கு நாலு செக்‌ஷன் நிலம், அதாவது 2,560 ஏக்கர். அதையும் அதே தாளில்தான் எழுதினார்கள்.

தங்க விரும்புகிறவன் தங்கலாம், குடும்பத் தலைவனுக்கு 640 ஏக்கர் என்று 14ஆம் பிரிவில் போட்டார்கள். அதை நம்பித்தான் மாமா உன்னைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். நானும் சரி என்றேன். தாய்மாமன் கையில்தானே பிள்ளை வளர வேண்டும். பெயர் பதிய அவர் எத்தனை நடை நடந்தார்! அரசாங்க ஏஜெண்ட் ஒரு நாள் குடிபோதையில் இருந்தார், இன்னொரு நாள் நாளைக்கு வா என்றார், பிறகு எழுதின தாளையே காணோம் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கினார்கள், ஏட்டில் ஏறியது 69 பேர். மற்றவர்கள் வீட்டுக்குத் தீ வைத்து, வேலியைப் பிடுங்கி, உழுத நிலத்தில் வெள்ளைக்காரன் வந்து உட்கார்ந்தான். லெஃப்ளோரின் வேலியை யாரும் தொடவில்லை. மகனே, நான் சொல்வது இது ஒன்றுதான். அதே ஒப்பந்தம் அவருக்குத் தோட்டமாக விளைந்தது, மாமாவுக்குச் சதுப்புக் காட்டில் ஒரு குடிசையாக முடிந்தது. லெஃப்ளோரை மிசிசிப்பி மாநில செனட்டில் உட்கார வைத்தார்கள். அவர் பிறந்த மேட்டில்தான் இன்று தலைநகர் ஜாக்சன் நிற்கிறது. அவருக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று நம்பி இருந்துவிடாதே.

அவர் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நம்மைப் போகச் சொன்னவர் நம்மோடு நடந்திருக்க வேண்டும். மெம்பிஸ் துறையில் எங்களைப் படகில் ஏற்றியபோது மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டி மிதந்து வந்தது. நாய்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள். படகு நகர்ந்ததும் அவை ஊளையிட்டுக்கொண்டே தண்ணீரில் குதித்துப் பின்னால் நீந்தின. நம் நாய் கறுப்பனும் குதித்தான். அப்பா திரும்பிப் பார்க்காமல் நின்றார். ஆர்கன்சா போஸ்டில் இறக்கிவிட்ட பிறகு பனிப்புயல் பிடித்தது. கூடாரமும் போதவில்லை, போர்வையும் போதவில்லை. இருந்த போர்வையை அப்பா அக்காவுக்குச் சுற்றிவிட்டார். மற்றது உனக்குத் தெரியும்.

கோபத்தில் நம் வட்டாரத்தார் லெஃப்ளோரை இறக்கிவிட்டு, அவருடைய மருமகன் ஹார்க்கின்ஸைத் தலைவராக்கினார்கள். சொந்த அக்காள் தங்கை பிள்ளை. அவர் நம்மோடு வந்தார். போகிற வழியில் அமெரிக்க மக்களுக்கு ஒரு விடைபெறும் கடிதமும் எழுதினார், அது பத்திரிகையில் வந்தது. அவருக்கும் படிப்பு இருந்தது, அங்கேயே தங்கி நிலம் சேர்க்கத் தெரியாதவரும் இல்லை. லெஃப்ளோரிடம் அடிமைகள் பெருகிக்கொண்டே போகிறார்களாம். இங்கேயும் நம்மில் வசதியானவர்கள் வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. நீ கணக்கு எழுதுவதோடு நில். சவுக்கு பிடிக்கிற வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதே.

ஒரு நல்ல சேதி. போன மாதம் 23ஆம் தேதி இங்கே கூட்டம் போட்டார்கள். கடல் தாண்டி அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப்போய் ஜனங்கள் பட்டினியால் சாகிறார்களாம். அங்கேயே காசு சேர்ந்தது, 170 டாலர். அக்காவும் முட்டை விற்று வைத்திருந்ததைப் போட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் நீயும் போட்டிருப்பாய்.

குளிருக்குக் கம்பளி எடுத்துக்கொள். மாமா குழிமேட்டில் பன்றி கிளறாமல் பார்த்துக்கொள். அந்தத் தாளைக் கொடுத்தால் மிசிசிப்பியோ லூசியானாவோ அலபாமாவோ ஆர்கன்சாவோ, அரசு நிலம் எங்கே இருந்தாலும் வாங்கலாமாம். அதனால்தான் அவ்வளவு பேர் மோப்பம் பிடிக்கிறார்கள். விற்காதே.

கோடை முற்றினால் ஆற்றில் தண்ணீர் வற்றி, நீராவிப் படகு இதுவரை வராது. அதற்குள் பதில் போடு. தாள் உன் கையில் இருக்கிறதா என்பதை முதல் வரியிலேயே எழுது. விற்றிருந்தாலும் எழுது. அதற்காக நான் உன்னை ஒதுக்கிவிட மாட்டேன். இங்கே உழ நிலம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கணக்குத் தெரிந்த ஆளும் தேவைப்படுகிறது.

அம்மா