முருகையாவுக்கு, பினாங்கு பாயான் லெப்பாசிலிருந்து

அன்புள்ள முருகையா,

உன் வாட்சாப் போன வாரமே வந்தது. மூன்று வரியில் பதில் போட்டிருக்கலாம். தம்பியின் படிப்பு விஷயமாச்சே என்று உட்கார்ந்து எழுதுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் சுகம்தானே? தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா?

வானிலை முன்னறிவிப்பு அலுவலகத்தில் தொழிற்பயிற்சிக்குத் தம்பி மனு போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடட்டும். ஆனால் என் மகள் பட்டதையும் கேட்டுக்கொள். போன வருஷம் ஏப்ரலில் தொடங்கி 12 வாரம் போனாள். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன், போனில் கேள். முதல் மூன்று வாரம் பழைய மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. பயிற்சி மாணவி என்றால் சும்மா கிடைத்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள் போல. ராத்திரி போன் போட்டு அழுதாள். அப்புறம் இரவுப் பணியில் இருந்த மூத்த அதிகாரி ஒருவர், தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். என் கணக்கில் பயிற்சி அன்றைக்குத்தான் தொடங்கியது.

அந்த நாற்காலியில் அவள் பார்த்த முதல் பெரிய சங்கதி சுமாத்ரா. உனக்கு ஞாபகம் இருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கப்பா, விடியற்காலையில் மேற்கே கறுத்தால் "சுமாத்ரா வருது, தார்ப்பாயைப் போடு" என்பார். நாம் சிரிப்போம். இன்றும் வானிலைக்காரர்களிடம் அதற்கு அதே பெயர்தானாம். ராத்திரியில் சுமாத்ரா தீவிலும் மலாக்கா நீரிணை மேலும் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, விடியுமுன்போ காலையிலோ நம் கரையேறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதிகம். ஹிமாவாரி செயற்கைக்கோள் 10 நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது, ரேடாரும் இருக்கிறது. வரிசை கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் அது கரையைத் தொடும்போது பலத்தோடு இருக்குமா, பாதி வழியில் கலைந்துவிடுமா? அங்கேதான் சிக்கல். "எத்தனை மணிக்கு வரும்?" என்று அதிகாரி கேட்க, இவள் "வரலாம், வாய்ப்பிருக்கு" என்று இழுத்திருக்கிறாள். "அதைப் படிச்சிட்டு விமானி என்ன செய்வார்?" என்றாராம் அவர். ஆறு மணி என்று எழுதினாள். ஐந்தேகாலுக்கு அடித்தது.

உங்கள் ஊர்ச் சாயங்கால மழை இதைவிடப் பொல்லாதது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், குளிர்க்காற்றும் வெப்பக்காற்றும் மோதி நாடு முழுக்க நகர்ந்து வரும் ஐரோப்பிய மழையெல்லாம் கிடையாது. வெயில் ஏறி, கடற்காற்று உள்ளே புகுந்து, எங்கோ ஒரு மேகம் பொங்கும். பங்சாரில் கொட்டும், செராசில் துணி காயும்.

தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல். தினமும் காலையில், அலுவலக அறிக்கையைப் பார்க்கும் முன்னால், தன் கணிப்பை எழுதி வைக்கட்டும். மறுநாள் சரியா தப்பா என்று குறிக்கட்டும். என் மகள் 27 நாள் மழை என்று எழுதினாள், அதில் 11 நாள் பெய்யவில்லை. வெட்கப்பட்டாள். ஆனால் அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் அந்த அதிகாரி அவளிடம் ஃபின்லி கதையைச் சொன்னார். அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஃபின்லி, 1884இல் சுழற்காற்று வருமா வராதா என்று 2803 கணிப்புகள் சொன்னார். 96.6 விழுக்காடு சரி! அப்புறம் பார்த்தால், எப்போதும் "வராது" என்றே சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாயிருக்கும். நிஜமாகவே சுழற்காற்று வந்தது 51 தடவை. அவர் முன்கூட்டிச் சொன்னது 28. ஆகவே எத்தனை சரி என்று மட்டும் கேட்டால் போதாது. வந்ததில் எத்தனையைச் சொன்னாய், சொன்னதில் எத்தனை வரவில்லை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டுமாம்.

எனக்கு இது உடனே புரிந்தது. 2017 நவம்பர் 4 ராத்திரி எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அதன் பிறகு வஸ்பாடா (மஞ்சள்), புரூக் (ஆரஞ்சு), பஹாயா (சிவப்பு) என்று மூன்று படியில் எந்த மழை எச்சரிக்கை வந்தாலும் மேசைமேல் சாமானை ஏற்றினேன். இப்போது மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். வராத மழையை அடிக்கடி சொன்னால் இதுதான் கதி.

இன்னொன்று. பயிற்சிக்குச் சேருமுன், முன்னறிவிப்பு மேசையில் உட்கார விடுவார்களா, பணி மாறும்போது நடக்கும் பேச்சைக் கேட்கலாமா என்று தம்பி கூச்சப்படாமல் கேட்கட்டும். "பார்ப்போம்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடலாம். பைத்தான் கணினி மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லதாம்.

இங்கே பாயான் லெப்பாசில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மேலே காற்றை அளக்கும் கருவி கட்டிய பலூன் விடுகிறார்கள். காலை எட்டு, இரவு எட்டுக் கணக்குக்கு. உலகம் முழுக்க அதே நேரத்தில்தானாம். இத்தனை வருஷம் இங்கேயே இருந்தும் நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. மகள்தான் காட்டினாள். தம்பி விடுமுறையில் இங்கே வந்தால் அவளே கூட்டிப்போய்க் காட்டுவாள், தன் நோட்டையும் தருவாள்.

பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன். யார் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று சொல்.

அன்புடன்,
சின்னதம்பி