கண்ணனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டரை ஜெராக்ஸ் கடையில் பெரிசாகப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். மத்திய அரசு வேலை, சும்மாவா! பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியாச்சு. ஆனால் தாலுகா ஆபீஸ் தபால் பிரிவிலேயே காலம் தள்ளியவளுக்கு முதலில் சீல்தானே கண்ணில் படும். நாலு சிங்கத்தில் மூணு தெரிகிறது, சரி. பீடத்தில் நடுவே சக்கரம், வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை, அதுவும் சரி. அதற்குக் கீழே கவிழ்ந்த தாமரை எங்கிருந்து வந்தது? சாரநாத் தூணில் தாமரை உண்டு; 1950 ஜனவரி 26-ல் அரசுச் சின்னமாக எடுத்தபோது அதை விட்டுவிட்டார்கள். இருக்கவேண்டிய 'சத்யமேவ ஜயதே' உன் ஆர்டரில் இல்லை. அந்த வரி இல்லாமல் சின்னம் முழுசாகாது.

மாநில அரசு ஆர்டர் என்றால் எனக்குப் பார்த்தவுடனே தெரியும். சிங்கத்துக்குப் பின்னால் கோபுரம், இரண்டு பக்கமும் தேசியக்கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. கிருஷ்ணா ராவ் வரைந்த அந்தக் கோபுரம் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் என்று அப்பாவும், மதுரை மேலக் கோபுரம் என்று மாமாவும் தீபாவளிதோறும் போடுகிற சண்டைதான் உனக்குத் தெரியுமே.

பிரிண்டிங்கில் விட்டுப்போயிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ படித்த பிள்ளை, உனக்கா தெரியாது. ஆனாலும் வேலையில் சேருமுன் யாருக்கும் எதுவும் கொடுக்காதே. நேரே அந்த ஆபீசுக்கே போய் ஆர்டர் நம்பரைச் சொல்லி விசாரி, நடுவில் ஆள் வேண்டாம். அரசுச் சின்னத்தைத் தப்பாகப் போட்டால் 2005 சட்டப்படி இரண்டு வருஷம்வரை ஜெயில். உனக்கில்லை, அடித்தவனுக்குச் சொல்கிறேன்.

நீ கைமாத்துக் கேட்டதாகச் சித்தி சொன்னாள். நான் நம்பவில்லை. அந்த ரெட்டைவடச் சங்கிலி உன்னிடம்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன். எதுவும் கொடுக்காதே, அவ்வளவுதான். கொடுத்திருந்தாலும் என்னிடம் சொல்லு, நான் திட்டமாட்டேன்.

அப்பாவுக்கு அந்த பிரிண்டை இன்னும் காட்டவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை அவர் தூங்குவார், அப்போது கூப்பிடு.

அம்மா