வர்த்தகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2025, திருகோணமலை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

வழக்கமான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் சொல்வார். சிலருடைய பெயர் வரும், கோபிக்க வேண்டாம். இந்த வருடம் சபையின் நேரத்தை அதிகம் எடுத்தது கொம்பியூட்டர் பிரச்சினைதான்.

மத்திய வீதியில் நம் அங்கத்தவர் ஒருவர் காலையில் பில் போட உட்கார்ந்தால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, பிட்கொயின் கேட்டு ஓர் அறிவித்தல் மட்டும் திரையில் கிடந்தது. பெக்கப் இருந்தது. ஆனால் அந்த ஹார்ட்டிஸ்க் இரவு பகலாக அதே கொம்பியூட்டரில் செருகியே இருந்ததால் அதுவும் பூட்டுப்பட்டுப் போனது. அவர் பணம் கட்டவில்லை. கட்டினாலும் திறந்து தருவார்கள் என்று என்ன உத்தரவாதம்? கடன் கணக்கைப் பழைய கொப்பியிலிருந்தும் வாடிக்கையாளர்களின் நேர்மையிலிருந்தும் மீட்டார். நேர்மை எதிர்பார்த்ததைவிடக் கூடவே இருந்ததாம்.

நம்மில் அநேகருக்குக் ‘கொம்பியூட்டர் பார்க்கிற தம்பி’ ஒருவர் உண்டு. பழுதானால் வருவார், திருத்துவார், காசு வாங்கிக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழுதாகாத நாட்களுக்கு நாம் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லையே. ஆனால் அப்டேட் போடுவது, பெக்கப் திறக்கிறதா என்று பார்ப்பது, விலகிப்போன ஊழியரின் கணக்கை நிறுத்துவது எல்லாம் அந்த நாட்களில் செய்யவேண்டிய வேலைகள். இதேபோல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வன்னாகிரை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்ட இடங்களில்தான் அது புகுந்து விளையாடியது. இப்போது விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நம் கடைகளில் அது இன்னும் ஓடுகிறது. கிராக் செய்த மென்பொருளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. யாரிடம் இருக்கிறதென்று அவரவருக்குத் தெரியும்.

“என் கடையில் திருட என்ன இருக்கு?” என்று ஒருவர் கேட்டார். இணையத்தில் ஓட்டை தேடுவது பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். அவை பெயர்ப்பலகை பார்த்து வருவதில்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர்கள் விருந்தினரின் கடவுச்சீட்டுப் படங்களை வட்ஸ்அப்பிலேயே வைத்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அவர்கள் ஒருமுறை வாசிப்பது நல்லது. அப்புறம், உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்க உறுதிப்படுத்தல் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மச்சான் கேட்டாலும். ஏமாந்தால் 101ஐ அழைத்து, கொம்பியூட்டர் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டிடம் உடனே சொல்லுங்கள்.

சபையின் பிரேரணை இதுதான். விரும்பும் கடைகள் சேர்ந்து, சங்கத்தின் ஊடாக மாதாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்வோம். அழைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பெக்கப்பில் ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்க வேண்டும். நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மாதம் ஒரு தடவை அதைத் திறந்து காட்ட வேண்டும். ரவுட்டர், நிர்வாகி பாஸ்வேர்டுகள் முதலாளியின் கையில்தான் இருக்க வேண்டும். இதில் சபை விட்டுக்கொடுக்காது. இப்போது வேலை செய்யும் தம்பிமாரும் விலைமனு தரலாம், தர வேண்டும் என்பதே என் விருப்பம்.

படிவங்கள் என்னிடம் இருக்கின்றன. வாக்கெடுப்பு தேநீருக்கு முன்பே நடக்கும். பிறகு பாதிப்பேர் இருக்கமாட்டீர்கள்.

செயலாளர்