நெய்வேலி பழைய வட்டங்கள்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் வளர்ந்த பழைய குவார்ட்டர்ஸ் எத்தனை நாளைக்கு இப்படியே நிற்கும் என்று தெரியாது. கைவசம் இருப்பதையாவது சேர்த்து வைப்போம். வரும் ஞாயிறு காலை 9.30 மணிக்கு ஆர்ச் கேட் அருகில் கூடி, அங்கிருந்து ஒவ்வொரு வட்டமாக (குடியிருப்பு பிளாக்) போய்ப் படம் எடுக்கிறோம்.

ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை இது. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.), 1957-ல் நேரு தொடங்கி வைத்த சுரங்கம், 1961-ல் கைக்கு வந்த பழுப்பு நிலக்கரி. அதற்குள் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்த பம்புகளில் வேலை பார்த்த அப்பாக்கள், தாத்தாக்கள் நம் குழுவிலேயே பலருக்கு உண்டு. 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றுவிட்டது. அதனால்தான் இந்த அவசரம்.

1. பழைய போட்டோ, ஷிப்ட் அட்டை, சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து அங்கேயே திருப்பித் தருவோம்.
2. போட்டோவின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் படம் எடுங்கள். ஆண்டு, வட்டம், வீட்டு எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
3. பெரியவர்கள் பேசுவதை ரெக்கார்ட் செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.
4. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த ஊர்க்காரர்கள் தெரிந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்கள் இல்லாமல் இந்த வரலாறு பாதிதான்.
5. சுரங்கப் பக்கம் போகவில்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

வருபவர்கள் பெயரும் வட்ட எண்ணும் வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் படங்களை அனுப்பினாலே போதும்.