தொண்டை கட்டினால் எத்தனை நாள் பொறுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நலவாழ்வுப் பக்கத்தில் தொண்டை, குரல், காது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாகத்தான் இருந்தது, ஆனால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று எங்கேயுமே சொல்லவில்லை. ‘தொடர்ந்து இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்’ என்று முடித்துவிட்டார்கள். தொடர்ந்து என்றால் ஒரு வாரமா, ஆறு மாதமா? ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர் ஆறு மாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சளியால் கட்டிய தொண்டை ஓரிரு வாரத்தில் தானாகத் திறந்துவிடும். 3 வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளைக்குள் பார்த்துவிட வேண்டும், புகைபிடிக்கிறவர்கள் கட்டாயமாக. பரிசோதனை ஒன்றும் பயங்கரம் இல்லை. மூக்கை மரத்துப்போகச் செய்து மெல்லிய கேமரா குழாயை உள்ளே விடுகிறார்கள், ‘ஈ...’ என்று இழுக்கச் சொல்கிறார்கள், திரையில் குரல் நாண்கள் என்கிற இரண்டு வெள்ளைப் பட்டைகள் ஒன்றோடொன்று வந்து ஒட்டுவது நமக்கே தெரியும். ஒட்டவிடாமல் நடுவில் ஏதாவது முளைத்திருந்தால் அதுவும் தெரியும். குரல் நாணில் வரும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் கதிர்வீச்சோ லேசரோ போதும், குரல்வளையையே எடுக்கிற நிலை வராது.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். தொண்டை வலிக்கு அது இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொப்பளிக்கிற தண்ணீர் குரல் நாணைத் தொடுவதே இல்லை, தொட்டால் புரையேறிவிடும்!

ஆசிரியர்கள், பாடகர்கள், நாள் முழுக்கக் கத்தி வியாபாரம் செய்கிறவர்கள் குரல் நாணில் காய்ப்பு இருக்கிறது என்றதும் ஆபரேஷனா என்று பதறுகிறார்கள். முதல் சிகிச்சை பெரும்பாலும் குரல் பயிற்சிதான். மூச்சை விடும் விதம், அடிக்கடி செருமும் பழக்கம், கத்துவது, இதையெல்லாம் மாற்றாமல் அறுவை செய்துகொண்டால் காய்ப்பு திரும்ப வரும். அப்புறம், குரலுக்கு ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுவென்று பேசுவதும் பலருக்குக் குரல்வளையை இறுக்கத்தான் செய்யும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

என்னை எழுத வைத்தது காதைப் பற்றிய பகுதிதான். ‘திடீரென்று காது அடைத்தால் அழுக்காக இருக்கலாம், சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒரு காது மட்டும் திடீரென்று, தூங்கி எழும்போது கேட்காமல் போவது உள்காதில் வந்த கேடாகவும் இருக்கலாம், அது அவசர சிகிச்சை. ஸ்டீராய்டு மாத்திரையோ, செவிப்பறை வழியாகப் போடும் ஊசியோ முதல் சில நாட்களுக்குள் தொடங்குவது நல்லது, 2 வாரம் கடந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். சிலருக்குத் தானாகவும் கேட்கத் தொடங்கும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் அழுக்கு, நீர் போன்ற வெளி அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கிக் கேட்டால் உள்காதைச் சந்தேகப்பட வேண்டும். மருத்துவர் இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதையேதான். முனகல் நல்ல சேதி சொன்னாலும் காதைக் காட்டுங்கள், முடிந்தால் அன்றைக்கே.

குழந்தைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, குறை தெரிந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் காது கருவியோ வேறு சிகிச்சையோ தொடங்குவது. ‘பேச்சு வர லேட்டாகும், பொறுங்கள்’ என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதலில் இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது 3 வாரம், அன்றைக்கே, 1-3-6 மாதம் என்ற இந்தக் கெடுக்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கொப்பளிக்கும் முறைக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்